படிக்கட்டில் முட்டைக்கோஸ்

வெட்டி எடுத்த பிறகும் முட்டைக்கோஸ் சாவதில்லை என்பது செழியனுக்கு நவம்பர் மாதம்தான் தெரியவந்தது. கீரையும் கத்தரிக்காயும் பறித்த கணத்திலிருந்தே வாடத் தொடங்கிவிடும். முட்டைக்கோஸ் அப்படியல்ல. அது இரண்டு வருடத்துச் செடி. முதல் வருடம் இலைமேல் இலை சுருட்டி, அடுத்த வருடம் பூப்பதற்கு வேண்டிய சர்க்கரையை எல்லாம் அந்த உருண்டைக்குள் சேர்த்துவைக்கும். பிறகு குளிர்காலம் முழுக்கக் காத்திருக்கும். நாம் இடையில் புகுந்து அறுத்துக் கொண்டுவந்தாலும் அதற்கு அது தெரியாது. மெல்ல மூச்சு விட்டபடி வசந்தத்துக்காக உட்கார்ந்திருக்கும்.

இதைப் படித்தபோது செழியனுக்குச் சிலிர்த்தது. எந்தப் பொருளானாலும் அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டால் போதும், அவன் முகம் மலர்ந்துவிடும். அமெரிக்காவில், பார்சிப்பனி என்ற ஊரில், ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதுகிறவன். வாடகை வீட்டின் குழாய் ஒழுகினால் ஆளைக் கூப்பிடுவதற்கு முன் அதைப் பிரித்துப் பார்ப்பான். பார்த்ததை மனைவிக்கு விளக்குவான். அவள் கேட்டாலும் விளக்குவான், கேட்காவிட்டாலும் விளக்குவான்.

கொல்லைப்புறத்தில் அந்தப் பதினான்கு செடிகளையும் ஜூலையில் நட்டவள் மனைவி பிரீத்தி. கோபிச்செட்டிபாளையத்தில் வாழைத்தார் மண்டி வைத்திருப்பவரின் மகள், இங்கே வந்து முதன்முதலாக மண்ணில் கை வைத்தாள். செப்டம்பரில், தம்பி கல்யாணத்துக்காக ஏழு வயது மகள் மிதுலாவை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போனாள். அக்டோபர் நடுவில் திரும்புவதாக ஏற்பாடு. “நான் வர்றதுக்குள்ள ஒண்ணையும் வெட்டிராதீங்க” என்று விமான நிலையத்தில் சொல்லிவிட்டுப் போனாள்.

திரும்பி வர பாஸ்போர்ட்டில் ஒரு விசா முத்திரை வேண்டும். அமெரிக்காவில் தங்குவதற்கான அனுமதி வேறு, அமெரிக்காவுக்குள் நுழைவதற்கான முத்திரை வேறு. தங்கும் அனுமதி எல்லோரிடமும் இருந்தது. முத்திரை பழசாகிவிட்டது. அதை வெளிநாட்டில் உள்ள தூதரகத்தில்தான் புதுப்பிக்க முடியும். அக்டோபரில் கொடுத்த தேதி டிசம்பருக்குப் போனது. டிசம்பர் தேதி மார்ச்சுக்குப் போனது. காரணம் எதுவும் சொல்லப்படவில்லை. மின்னஞ்சல் மட்டும் வந்தது.

செழியன் போய் அழைத்துவரலாமே என்று கேட்கத் தோன்றும். அவன் முத்திரையும் பழசுதான். வெளியே போனால் அவனும் அதே வரிசையில் நிற்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வேலை செய்ய நிறுவனம் விடாது. வேலை போனால் அவன் அனுமதி போகும். அவன் அனுமதியைத் தொற்றிக்கொண்டுதான் அவர்கள் இருவரும் வர முடியும். ஆக, அவர்கள் வர வேண்டுமானால் அவன் இங்கேயே இருக்க வேண்டும். இதையும் அவன் ஒரு கடிகாரத்தைப் பிரித்துக் காட்டுவதுபோல அலுவலகத்தில் பலருக்கு விளக்கியிருக்கிறான். எல்லாப் பல்சக்கரங்களும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தியிருந்தன. அதனால்தான் எதுவும் சுற்றவில்லை.

நவம்பரில் முதல் கடும் உறைபனி வரும் என்று செய்தி வந்தபோது அவன் கோபிக்கு, பிரீத்தியின் ஊருக்கு, அழைத்தான்.

“வெட்டித்தான் ஆகணும் பிரீத்தி. வெள்ளிக்கிழமை இருபது டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு எறங்குதாம், தண்ணி ஒறையறதுக்கும் கீழ. வயல்லயே விட்டா கொழகொழன்னு போயிரும்.”

“வயலாமா. ரெண்டு கட்டில் போடற எடம்.”

“சரிங்க அம்மணி, தோட்டம்.”

“வெட்டுங்க. ஆனா ஒண்ணையும் பொரியல் பண்ணித் தின்னுறாதீங்க. மொதல் காய நான் வந்துதான் வெட்டுவேன்.”

“எப்ப வருவியாம்?”

“தேதி கெடைக்கறப்ப. அதுவரைக்கும் கெடாம வெச்சிருங்க. உங்க இன்ஜினியரிங் எதுக்கு இருக்குது.”

பின்னால் மிதுலாவின் குரல் கேட்டது. “இட்ஸ் ஸோ ஹாட், அப்பா. வென் ஆர் வி கோயிங் ஹோம்?”

“சீக்கிரம் கண்ணு” என்றான் செழியன்.

“இன்னொண்ணுங்க” என்றாள் பிரீத்தி. “வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடறத நிறுத்திராதீங்க. சாமி கும்பிடாட்டியும் பரவால்ல.”

“சாம்பிராணி போட்டா ஸ்டாம்ப் குத்திருவாங்களாக்கும்.”

“போடுங்கன்னா போடுங்க.”

ஆக, இரண்டு வேலைகள். முட்டைக்கோஸ் கெடக்கூடாது, சாம்பிராணி நிற்கக்கூடாது. இரண்டுக்கும் அந்த வீட்டில் ஒரே இடம்தான் இருந்தது.

அந்த இடத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில், வீட்டுக்கு அடியிலுள்ள பேஸ்மென்ட்டிலிருந்து நேராகக் கொல்லைக்கு ஏறும் சிமென்ட் படிக்கட்டு ஒன்று இருக்கும். கீழே, பேஸ்மென்ட் பக்கம், ஒரு மரக்கதவு. மேலே, தரைமட்டத்தில் சாய்வாகப் படுத்தாற்போல இரண்டு இரும்புக் கதவுகள். நடுவில் ஏழெட்டுப் படிகளும் மூன்று பக்கமும் மண் சூழ்ந்த சுவர்களும். வீட்டுக்குள்ளும் இல்லை, வெளியிலும் இல்லை. வீடு முழுக்கப் புகை அலாரங்கள் ஒரே கம்பியில் கோத்திருந்தன. அடுப்படியில் தாளித்ததற்கு ஒன்று அலறினால் படுக்கையறை வரை எல்லாம் சேர்ந்து அலறும். அலாரம் இல்லாத ஒரே இடம் இந்தப் படிக்கட்டு. அதனால் பிரீத்தி வெள்ளிக்கிழமைதோறும் தூபக்காலை அங்கே வைத்து, இரும்புக் கதவைத் திறந்துவிட்டு, சாம்பிராணியைக் கரியில் தூவுவாள். முதல் புகை பொங்கி வெளியே போய் அடங்கிய பிறகு, மிச்சமிருக்கும் மெல்லிய புகையை வீட்டுக்குள் கொண்டுபோய் மூலை மூலையாகக் காட்டுவாள்.

முட்டைக்கோஸுக்கு வேண்டியதும் அதே இடம்தான். அது மூச்சுவிடும்போது சேர்த்த சர்க்கரையைத்தான் எரிக்கிறது. சூடு கூடக்கூட வேகமாக எரிக்கும், குளிரக்குளிர மெதுவாக. தண்ணீர் உறையும் நிலைக்கு ஒரு மயிரிழை மேலே வைத்தால் மூச்சு கிட்டத்தட்ட நின்றுவிடும். கீழே போனால் இலை உறைந்து வெடிக்கும். ஈரமும் வேண்டும், இல்லாவிட்டால் சுருங்கும். மண்ணுக்குள் புதைந்த அந்தப் படிக்கட்டு குளிர்காலம் முழுக்க அந்த மயிரிழையை ஒட்டியே நிற்கும். அங்கே வெப்பமானியை மாட்டிவைத்து ஒரு வாரம் கவனித்த செழியனுக்கு, யாரோ தனக்காகவே கட்டிவைத்த இடம்போலத் தோன்றியது.

வேரோடு பிடுங்கினான். மண்ணை உதறினான். கழுவவில்லை. கழுவினால் அழுகும். பழைய வேட்டி ஒன்றைப் பட்டைகளாகக் கிழித்து, ஒவ்வொரு முட்டைக்கோஸுக்கும் ஒரு தூளி கட்டி, ஒன்றை ஒன்று தொடாமல் கம்பியில் தொங்கவிட்டான். கீழ்ப்படியில் இரண்டு வாளித் தண்ணீர் வைத்தான். இது அவனுக்கு மிகவும் பிடித்துப்போன விஷயம். தண்ணீர் உறையும்போது தன்னிடமுள்ள சூட்டை வெளியே விட்டுவிட்டுத்தான் உறையும். வெளியே குளிர் எவ்வளவு கொட்டினாலும், வாளித் தண்ணீர் முழுக்கப் பனிக்கட்டியாகி முடியும்வரை, அந்தச் சின்ன இடத்தின் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே எளிதில் இறங்காது. வாளி தன்னைக் கொடுத்து மற்றவற்றைக் காப்பாற்றும்.

கடைசியாக, பேஸ்மென்ட்டின் சூடு உள்ளே வராமலிருக்க மரக்கதவைச் சுற்றி நுரைப்பட்டை ஒட்டினான். பனிக்காற்று நுழையாமலிருக்க இரும்புக் கதவுகளின் சந்திலும் ஒட்டினான். சாம்பிராணி போடும்போது இரும்புக் கதவைத் திறக்க வேண்டாம் என்றும் தீர்மானித்தான். திறந்தால் அரை மணியில் குளிர் இறங்கிவிடும். எல்லாப் புகையும் அடங்கும்வரை கதவுகளைச் சாத்தியே வைத்திருந்து, பிறகு தூபக்காலை மட்டும் எடுத்து வந்தான். பிரீத்தி செய்ததைவிடத் தான் சாமர்த்தியமாகச் செய்வதாக நினைத்தான்.

நவம்பர் முழுக்க எல்லாம் நன்றாக இருந்தது. காலையில் எழுந்ததும் போய்ப் பார்ப்பான். டார்ச் வெளிச்சத்தில் அவை வெளிர்ப்பச்சையாய், கெட்டியாய்த் தொங்கும். விரலால் சுண்டினால் டம் என்று சத்தம் வரும்.

“எப்படி இருக்குதுங்க?” என்பாள் பிரீத்தி.

“நல்லா இருக்குது” என்பான். உண்மையைத்தான் சொன்னான்.

இரண்டு வீடு தள்ளி ராஜராணி ஆன்ட்டி இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். டிசம்பரில் ஒருநாள் மீன் குழம்பு கொண்டுவந்தவர், அவன் மேலே வராததால் பேஸ்மென்ட்டுக்கே இறங்கிவந்து படிக்கட்டுக் கதவடியில் நின்றார்.

“என்ன தம்பி செழியன், கோவாவுக்குத் தொட்டில் கட்டி வச்சிருக்கிறீர்?” யாழ்ப்பாணத்தில் முட்டைக்கோஸுக்குக் கோவா என்றுதான் பேர்.

“வாங்க ஆன்ட்டி. கதவ மட்டும் சீக்கிரம் சாத்திருங்க, சூடு உள்ள போகும்.”

“நான் முப்பது வருசம் ஐசியுவில வேலை செய்தனான். அங்க கூட இவ்வளவு தரம் டெம்பரேச்சர் பாக்கிறேல்லை.” மூக்கை உறிஞ்சினார். “உள்ளுக்க கோயில் மணம் அடிக்குது.”

“நேத்து சாம்பிராணி போட்டேன். பிரீத்தி போடச் சொல்லியிருக்கா.”

“ஓ. கோவாவுக்குப் பூசையும் நடக்குதோ.” சிரித்தவர், அருகிலிருந்த தூளியைத் தொட்டுப் பார்த்தார். “இதென்ன, இந்த இலை மஞ்சளாக் கிடக்கு?”

செழியன் டார்ச்சைத் திருப்பினான். அடி இலை ஒன்று, முனையில் மட்டுமில்லாமல் முழுக்கவே, மஞ்சளாகியிருந்தது. அவன் தொட்டதும் காம்போடு கழன்று கையில் வந்தது. கிழியவில்லை, வாடவில்லை. திருகாணியைக் கழற்றியதுபோலச் சுத்தமாக வந்தது.

“வெளி இலைதானே, காஞ்சிருக்கும்” என்றான்.

“அப்ப ஒண்டு தாரும். வறை செய்து கொண்டு வாறன்.”

“இல்ல ஆன்ட்டி. மொதல் காய அவதான் வெட்டணும்னு சொல்லியிருக்கா.”

ராஜராணி ஆன்ட்டி அவனை ஒரு நிமிடம் பார்த்தார். நோயாளியின் உறவினரிடம் பேசுவதற்குமுன் பார்ப்பது போன்ற பார்வை. “அவ வரேக்க இதுகள் இருக்குமோ தெரியாது, தம்பி. இருக்கிறதைச் சாப்பிடும்” என்றார். பிறகு தரையில் உதிர்ந்து கிடந்த இரண்டு இலைகளைக் குனிந்து எடுத்துக்கொண்டார். “உதிர்ந்ததை நான் கொண்டுபோறன். இதுக்கும் தடையோ?”

மறுநாள் ஒரு கிண்ணத்தில் தேங்காய்ப்பூவும் மஞ்சளும் போட்ட வறை, நம்மூர்ப் பொரியல்தான், வந்தது. செழியன் தின்னவில்லை. குளிர்ப்பெட்டியில் வைத்தான்.

கிறிஸ்துமஸுக்குள் நான்கு முட்டைக்கோஸ்கள் போயின. அழுகவில்லை. அழுகியிருந்தால் அவனுக்குப் புரிந்திருக்கும். வெளியிலிருந்து ஒவ்வொரு இலையாக மஞ்சளாகி, கழன்று விழுந்து, உள்ளே ஒரு சிறு வெள்ளைக் குமிழ் மட்டும் தூளியில் மிஞ்சியது. நிரலில் பிழை தேடுவதுபோலத் தேடினான். சூடு? வெப்பமானி சரியாகவே காட்டியது. ஈரம்? சுவரெல்லாம் முத்துமுத்தாக நீர் கோத்திருந்தது. எலி? கடித்த தடம் இல்லை. வெளிச்சம்? இருட்டு. ஒவ்வொரு காரணமாக அடித்துவிட்டு, நுரைப்பட்டையில் விரிசல் இருக்கும் என்று முடிவுசெய்து இன்னொரு சுற்று ஒட்டினான்.

அந்த வாரத்தில்தான் மார்ச் தேதியும் தள்ளிப்போனது. இம்முறை புதுத் தேதி எதுவும் தரவில்லை. மீண்டும் பதிவு செய்துகொள்ளச் சொன்னார்கள். பதிவுப் பக்கத்தில் எந்த மாதத்தைத் திறந்தாலும் எல்லாக் கட்டங்களும் சாம்பல் நிறத்தில் கிடந்தன.

பிரீத்தி அன்று அதிகம் பேசவில்லை. “சாம்பிராணி போடறீங்ளா?” என்று மட்டும் கேட்டாள்.

“போடறேன்.”

அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமையும் போட ஆரம்பித்தான். பிறகு எந்தக் கிழமை என்று பார்க்காமல் போட்டான். அவனுக்குச் சாமி நம்பிக்கை பெரிதாகக் கிடையாது. ஆனால் செய்வதற்கு வேறு எதுவும் இல்லாத மனிதனுக்கு, கரியைப் பற்றவைத்து அது சிவந்து சாம்பல் பூக்கும்வரை காத்திருப்பது ஒரு வேலையாக இருந்தது. ஐசலினில் இந்தியக் கடையில் வாங்கிய சாம்பிராணிப் பொட்டலம் தீர்ந்தது. அடுத்த வாரமே போய்ப் பெரிய பொட்டலமாக வாங்கிவந்தான். பனி பெய்து இரும்புக் கதவுகளின்மேல் ஓரடி உயரத்துக்குப் படிந்தது. சந்துகள் எல்லாம் தாமாகவே அடைபட்டன. இனி ஒரு பொட்டுக் காற்று நுழையாது என்று அவன் நிம்மதியடைந்தான்.

ஜனவரியில் மூன்றுதான் மிச்சமிருந்தன.

“கோஸ் எப்படி இருக்குதுங்க?”

“நல்லா இருக்குது.”

பொங்கலுக்கு முந்தைய சனிக்கிழமை. இங்கே காலை, அங்கே பொழுது சாய்ந்த நேரம். வீடியோவில் அழைத்தபோது எடுத்தது மிதுலா. முகம் கறுத்து, இரட்டைச் சடை போட்டிருந்தாள். மண்டியில் நின்றுகொண்டிருந்தாள். பின்னால் ஆட்கள் குரல் கொடுத்தபடி தார்களைத் தூக்கிப்போனார்கள்.

“அப்பா, இங்க பாருங்ப்பா. புகை போடறாங்.”

“எங்க கண்ணு?”

அவள் கைபேசியைத் திருப்பினாள். தாழ்வான ஓர் அறை. கதவை அடைத்து, கதவுக்கும் நிலைக்கும் இடையிலுள்ள சந்தில் ஒருவர் ஈரமண்ணை வழித்து அப்பிக்கொண்டிருந்தார். கீழே ஒரு துளையில் மண்சட்டியைப் பொருத்தி, இன்னொருவர் உள்ளே புகையை ஊதிக்கொண்டிருந்தார்.

“உள்ள பூராத் தாருங்ப்பா. எல்லாம் பச்சக்காய். இப்படியே சாத்தி வெச்சுருவாங். நாளைக்குப் பொழுதோட தொறந்தா எல்லாம் மஞ்சளாயிருமுங்.”

“எப்படி கண்ணு மஞ்சளாகும்?” சும்மாதான் கேட்டான். குழந்தை சொல்லிக் கேட்கும் ஆசையில்.

“புகைதாங்ப்பா. புகை வெளிய போகக்கூடாது. போச்சுன்னா ஆகாது. மாமா அந்தச் சந்த விட்டுட்டாங்கன்னு தாத்தா இப்பத்தான் வெய்யறாங்.”

அந்த நேரத்தில் செழியனுக்கு இரண்டு விஷயங்கள் புரிந்திருக்க வேண்டும். ஒன்றுதான் புரிந்தது.

அவனும் கோபிக்காரன்தான். வாழைக்காய்க்குப் புகை போடுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன். மண் பூசிய கதவு, வெளியே போகக்கூடாத புகை, மறுநாள் மஞ்சள். கைபேசியைக் கையில் பிடித்தபடியே பேஸ்மென்ட்டுக்கு ஓடினான். மரக்கதவைத் திறந்தான். சாம்பிராணி வாசம் முகத்தில் வந்து அறைந்தது. நுரைப்பட்டை, பனி மூடிய இரும்புக் கதவு, மண்ணுக்குள் புதைந்த மூன்று சுவர்கள். அவன் கட்டியது முட்டைக்கோஸ் அறையே அல்ல. மாமனாரின் வாழைப்பழ அறையை இம்மி பிசகாமல் பார்சிப்பனியில் கட்டிவைத்திருந்தான்.

படியேறித் தோளால் இரும்புக் கதவை முட்டினான். மூன்றாவது முட்டலில் பனி சரிந்து ஒரு பக்கக் கதவு திறந்தது. வெளிச்சமும் குளிரும் ஒன்றாக விழுந்தன.

“என்னங்க, மூச்சு வாங்குது?” கைபேசியில் இப்போது பிரீத்தி இருந்தாள்.

“கண்டுபிடிச்சிட்டேன் பிரீத்தி.”

“என்னத்த?”

“கோஸ் ஏன் மஞ்சளாகி உதிருதுன்னு.”

“உதிருதா? நல்லா இருக்குதுன்னு சொன்னீங்க.”

“அத விடு. கேளு. எந்தப் புகையிலயும் எத்திலீன்னு ஒரு கேஸ் இருக்கும். கரி, தேங்கா நாரு, சாம்பிராணி, எதுவானாலும் சரி, முழுசா எரியாம புகைஞ்சா கொஞ்சம் வரும். பழமும் பழுக்கறப்ப தானா அதத்தான் விடும். வாழைக்காய்க்கு அந்த கேஸ் பட்டா, ஓ, நேரம் வந்துருச்சுன்னு நெனச்சுப் பழுத்துரும். உங்கப்பா போடற புகை அதுதான். அதே கேஸ் கோஸுக்குப் பட்டா என்ன ஆகும் தெரியுமா? எல உதிர்க்கற காலம் வந்துருச்சுன்னு நெனச்சுக்கும். ஒவ்வொரு எலக்கும் காம்புகிட்ட ஒரு வரிசை செல் இருக்கு. அது தானா கழண்டுக்கும். அதான் கிழியாம அவ்வளவு சுத்தமா வருது. நான் ரெண்டு மாசமா கதவச் சாத்தி அதுக்குப் புகை போட்டுட்டு இருந்திருக்கேன். நீ கதவத் தெறந்து வெச்சுப் போடுவ, நான் சாத்திட்டேன். எவ்வளவு சிம்பிள் பாரு.”

சொல்லச்சொல்ல அவன் குரலில் உற்சாகம் ஏறியது. வாரக்கணக்கில் பிடிபடாதது பிடிபட்டுவிட்டது. மேல்படியில் நின்று, கையை ஆட்டி ஆட்டி, பல நாட்களாக இல்லாத மாதிரி பேசினான். பிரீத்தி குறுக்கிடவில்லை. அவள் எப்போதும் அப்படித்தான் கேட்பாள்.

“அதனால இனி சாம்பிராணி கிடையாது” என்று முடித்தான். “இன்னையோட நிறுத்திட்டேன்.”

பிரீத்தி ஆட்களின் சத்தத்திலிருந்து தள்ளிப்போனாள்.

“நிறுத்திட்டீங்ளா” என்றாள்.

“ஆமா. இன்னும் மூணு நல்லா இருக்குது. நல்லாக் காத்து வாங்கினா பிப்ரவரி கடைசி வரைக்கும்கூட—”

“நானும் நிறுத்திட்டேனுங்க.”

“எத?”

“தேதி பாக்கறத.”

செழியன் கைபேசியை முகத்தருகே கொண்டுவந்தான்.

“மித்துவ இங்கயே பள்ளிக்கூடத்துல சேத்தியாச்சு. ஒரு மாசமாப் போறா. ஒவ்வொரு தடவையும் சொல்லோணும்னுதான் போன எடுப்பேன். எடுத்தா நீங்க, வெள்ளிக்கெழமை போட்டேன், செவ்வாக்கெழமையும் போட்டேன்னு சொல்லுவீங்க. கோஸ் நல்லா இருக்குதும்பீங்க. அவ்வளவு நம்பிக்கையா இருக்கறவருகிட்ட எப்படிங்க சொல்றது.” கொஞ்சம் நிறுத்தினாள். “இப்ப நீங்களே நிறுத்திட்டீங்க. சொல்றது சுலுவாப் போச்சு.”

“நான் கோஸுக்காகத்தான் நிறுத்தினேன், பிரீத்தி.”

“தெரியுதுங்க.”

“மார்ச்சுல மறுபடி தேதி விடுவாங்களாம். ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னாரு.”

“விடட்டுங்க.”

“நான் கெளம்பி வந்துரட்டுமா?”

“வந்து?” என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.  எத்தனையோ பேருக்கு விளக்கிய அந்தக் கடிகாரத்தை மனதுக்குள் மறுபடி பிரித்துப் பார்த்தான். அவர்கள் வருவதற்காக அவன் இங்கே இருக்கிறான். அவர்கள் வரப்போவதில்லை என்றால் எந்தச் சக்கரத்தைக் கழற்றுவது? வருடக்கணக்கில் கழற்றிப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அதற்குள் மிதுலா ஏழிலிருந்து எட்டாகி, ஒன்பதாகி—

அப்போதுதான் இரண்டாவது விஷயம் புரிந்தது. சற்றுமுன் மிதுலா பேசியதில் ஒரு வார்த்தைகூட இங்கிலீஷ் இல்லை. வீட்டுக்கு எப்போது போகிறோம் என்று அவள் கேட்டும் ரொம்ப நாளாகிவிட்டது.

“மித்துகிட்டக் குடு” என்றான்.

“அவ ஓடிட்டாளுங்க. அந்தப் பக்கம் தாரு எறக்கறாங்க, பாக்கப் போயிட்டா. கூப்பிடட்டுமா?”

“வேண்டாம். வெளையாடட்டும்.”

“வெச்சரட்டுங்களா?”

“ம்.”

திரை இருண்டது.  செழியன் நின்ற இடத்திலேயே, மேல்படியில் உட்கார்ந்தான். திறந்த கதவு வழியாகக் குளிர் தண்ணீரைப்போலப் படிப்படியாகக் கீழே வழிந்து போய்க்கொண்டிருந்தது. குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தைத்தான் தேடும். சாம்பிராணி வாசம் அவனைக் கடந்து வெளியேறியது. மூன்று தூளிகளும் லேசாக ஆடின. அதில் ஒன்றின் உச்சி பிளந்திருந்தது. எழுந்து போய் இலையை விலக்கிப் பார்த்தான். உள்ளே தண்டு நீண்டு, வெளிர்ப்பச்சையாய் ஒரு முனை மேலே முட்டிக்கொண்டு நின்றது. பூப்பதற்கான தண்டு. சேர்த்துவைத்த சர்க்கரையைச் செலவழிக்கத் தொடங்கிவிட்டது. இனி இதை எந்தக் குளிரில் வைத்தாலும் பழையபடி சுருட்டிக்கொள்ளாது.

இலையை இருந்தபடியே மூடினான்.

இன்று இரவு பத்து டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு இறங்கும் என்று வானிலை சொல்லியிருந்தது. அரை மணி நேரத்துக்குள் கதவை மூடினால் மற்ற இரண்டும் பிழைக்கும். அது அவனுக்குத் தெரியும். வெப்பமானி முள் இறங்குவதும் தெரிந்தது.

கீழ்ப்படியில், வாளித் தண்ணீரின் ஓரத்தில் பனிக்கட்டி பிடிக்க ஆரம்பித்திருந்தது. விளிம்பிலிருந்து நடுவை நோக்கி, ஊசி ஊசியாக, ஒன்றை ஒன்று பற்றிக்கொண்டு வந்தது. உறைய உறைய அது தன் சூட்டைக் காற்றில் விட்டுக்கொண்டிருக்கும். தலைக்குமேல் கதவு திறந்திருப்பது வாளிக்குத் தெரியாது.

செழியன் அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, நடுவில் மிச்சமிருந்த கையகல நீர் மூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.